தெபொராளின் மரமும் பெயர் எழுதப்படாத கற்களும்



ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் நின்று கவனியாமல் கடந்துபோகும் வசனம் ஒன்று உண்டு. யாக்கோபு சீகேமை விட்டுப் பெத்தேலுக்கு வந்து பலிபீடம் கட்டுகிறான். பின்பு தேவன் அவனுக்குத் தரிசனமாகி, இஸ்ரவேல் என்னும் பெயரை அவனுக்கு உறுதிப்படுத்துகிறார். இந்த இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, 8ஆம் வசனத்தில், ஒரு முதிய பணிப்பெண் மரித்துப்போகிறாள். அவள் ரெபெக்காளின் தாதி தெபொராள். அவளைப் பெத்தேலுக்கு அருகே ஒரு கர்வாலி மரத்தின்கீழ் அடக்கம் செய்கிறார்கள். அழுகையின் மரம் என்னும் பொருளில் அந்த இடத்துக்கு அல்லோன்பாகூத் என்று பெயர் வழங்கலாயிற்று.

எஜமானியாகிய ரெபெக்காள் எப்போது, எப்படி மரித்தாள் என்று வேதம் சொல்லவில்லை. 49ஆம் அதிகாரத்தில், மரணப்படுக்கையிலிருந்த யாக்கோபு குடும்பக் கல்லறையைப் பற்றிப் பேசும்போதுதான் அவள் அடக்கம்பண்ணப்பட்ட இடம் நமக்குத் தெரியவருகிறது. பணிப்பெண்ணுக்கோ பெயர் இருக்கிறது. அவள் செய்த ஊழியம் குறிக்கப்பட்டிருக்கிறது. அடக்கம் செய்த இடமும், அடையாளமாக நின்ற மரமும், அங்கே அழுதவர்களின் கண்ணீரும் பதிவாகியிருக்கின்றன. ஒரு கல்லறையை ஆவணப்படுத்துகிறவர் இன்று எவற்றையெல்லாம் எழுதவேண்டுமோ, அவை யாவும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கியுள்ளன.

அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில், காடாகிப்போன கறுப்பின மக்களின் கல்லறைத் தோட்டங்களைத் தேடி, ஒவ்வொரு குழியையும் எண்ணி, அளந்து, எழுதிவைக்கும் பணியைப் பற்றிக் கடந்த சில வாரங்களாக வாசித்துவந்தேன். அப்போதெல்லாம் இந்தத் தெபொராள்தான் என் நினைவுக்கு வந்தாள். அவளைப்போலவே பிறர் பிள்ளைகளை வளர்த்து, பிறர் நிலத்தில் உழைத்து மடிந்த பல்லாயிரம் பேருக்கு அப்படியொரு வசனம் எழுதப்படவில்லை. அதை எழுத முயலும் மனிதர்களைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தோட்டங்கள் காடான வரலாறு

அடிமைத்தனம் நிலவிய காலத்தில் பெருந்தோட்டங்களில் மரித்த அடிமைகளுக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் பயிருக்கு உதவாத நிலமே. வயலின் ஓரம், மேட்டுச் சரிவு, மரங்கள் அடர்ந்த ஒரு மூலை. பகல் முழுவதும் வேலை இருந்தபடியால் அடக்கங்கள் பல வேளைகளில் இரவில், பந்தங்களின் வெளிச்சத்தில் நடைபெற்றன. அடையாளமாக நடப்பட்டது ஒரு மரப்பலகை அல்லது வயலிலிருந்து தூக்கிவந்த செதுக்காத கல்.

1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தபின், விடுதலை பெற்றவர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து நிலம் வாங்கினார்கள். பல ஊர்களில் அந்த நிலத்தில் முதலில் எழும்பியது ஆலயம். அதன் அருகே பள்ளிக்கூடம், பின்புறத்தில் கல்லறைத் தோட்டம். வாழ்நாள் முழுவதும் பிறருடைய சொத்தாக எண்ணப்பட்டவர்களுக்குத் தங்கள் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்படுவது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டில் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். அவர்களில் பலர் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்கள். சொந்த நிலம் உடையவர்களும் கணிசமாக இருந்தார்கள்.

ஆனால் அப்போதே மக்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். 1910களிலிருந்து 1970 வரை, கும்பல் கொலைகளுக்கும் வறுமைக்கும் தப்பி, ஏறத்தாழ 60 லட்சம் பேர் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் சென்றனர். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் மரித்த சிலருடைய உடல்கள், சொந்த ஊர் மண்ணில் சேரவேண்டும் என்ற ஆசைப்படி இரயிலில் திரும்பி வந்தன. காலப்போக்கில் அதுவும் குறைந்தது. கிராமத்துச் சபை சுருங்கியது. ஆலயம் மூடப்பட்டது அல்லது வேறிடம் பெயர்ந்தது. நிலம் எழுத்துவழி உயில் இல்லாமல் வாரிசுகள் பலருக்குப் பொதுவாகி, பின் கைமாறியது. களை பிடுங்கக் கையில்லாத இடத்தில் புதர் மண்டியது. புதர்மேல் கொடி படர்ந்தது. இப்போது அங்கே நிற்கிற ஒருவருக்கு அது வெறும் காடாகவே தோன்றும்.

ஆகவே, பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அதனால்தான் காடாயிற்று என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. அவர்களில் பலர் துரத்தப்பட்டவர்கள்.

1870 என்னும் சுவர்

ஒரு கிராமத்துக் கல்லறையின் எழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கறுப்பினக் குடும்பங்களின் வம்ச வரலாற்றைத் தேடுகிறவர்கள் 1870ஆம் ஆண்டை ஒரு சுவர் என்று சொல்வது வழக்கம். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் பெயர் உடையவர் எஜமான் மட்டுமே. அவர் பெயரின்கீழ் வயது, பால், நிறம் என்ற வரிசையில் மனிதர்கள் எண்ணப்பட்டார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண், எட்டு வயதுச் சிறுவன், அவ்வளவே. முன்பு அடிமைகளாயிருந்த அனைவரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870இல் எடுக்கப்பட்டதே.

அதற்குப் பின்னும் இடைவெளிகள் இருக்கின்றன. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் பெரும்பகுதி சேதமடைந்து, பின் அழிந்துபோயின. மரணப் பதிவை மாநிலம் முழுவதற்கும் கட்டாயமாக்கும் சட்டங்கள் தெற்கே மிகத் தாமதமாக வந்தன. விர்ஜினியாவில் 1912, வட கரோலினாவில் 1913, தென் கரோலினாவில் 1915, ஜார்ஜியாவில் 1919. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். தென் கரோலினாவின் கிராமம் ஒன்றில் 1881இல் பிறந்து 1899இல் மரித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1880 கணக்கெடுப்பின்போது அவள் பிறக்கவில்லை. 1900இல் அவள் உயிரோடு இல்லை. இடையிலிருந்த ஏடு அழிந்துபோயிற்று. மரணச் சான்றிதழ் என்ற வழக்கமே அவ்வூரில் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருத்தி இவ்வுலகில் இருந்தாள் என்பதற்கு அவளுடைய கல்லறைக் கல் ஒன்றே சாட்சியாக இருக்கக்கூடும். அந்தக் கல் விழுந்து மண்ணுக்குள் புதைந்தால் அந்தச் சாட்சியும் ஓய்ந்துவிடும்.

சுவரில் சில இடுக்குகளும் உண்டு. விடுதலை பெற்றோருக்காக 1865இல் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி, கணக்குத் தொடங்கியவர்களிடம் பெயர், பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர், பல இடங்களில் முன்னாள் எஜமானின் பெயர்வரை கேட்டு எழுதிவைத்தது. 1874இல் அந்த வங்கி முறைகேடுகளாலும் பொருளாதார நெருக்கடியாலும் வீழ்ந்தது. 61,000க்கும் அதிகமானோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. பலர் தங்கள் பணத்தை முழுமையாகத் திரும்பக் காணவில்லை. பணம் போயிற்று, ஏடுகளில் பெயர்கள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் தேடுவதற்கு அரிதாயிருந்த அந்த ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 4,80,000 பெயர்களைப் பிரித்தெடுத்துப் பட்டியலிட்டவர்கள் யார் தெரியுமா? யூட்டா மாநிலச் சிறைச்சாலையின் கைதிகள். 500க்கும் அதிகமானோர் 11 ஆண்டுகள் மனமுவந்து உழைத்து முடித்த அந்தப் பட்டியல் 2001இல் வெளியிடப்பட்டது. சிறையில் எண்ணாக இருந்தவர்கள், அடிமைத்தனத்தில் எண்ணாக இருந்தவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தை எழுதுகிறவர் காட்டில் கண்ட ஒரு பெயரை இத்தகைய ஏடுகளோடும், மரணச் சான்றிதழில் அடக்கம் செய்த இடம் என்ற பத்தியோடும், பழைய வேதாகமங்களுக்குள் மடித்துவைக்கப்பட்ட அடக்க ஆராதனைத் தாள்களோடும் ஒப்பிடுகிறார். அவ்வாறு ஒப்பிடும்போதுதான் ஒரு பெயர் ஒரு மனிதராகிறது.

மண் பேசும் அடையாளங்கள்

இத்தோட்டங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தையே தெரிந்துகொள்கிறார்கள். அப்போது இலைகள் உதிர்ந்திருக்கும். பாம்புகளும் உண்ணிகளும் குறைந்திருக்கும். சாய்ந்து விழும் வெயிலில் தரையின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். அவர்கள் முதலில் தேடுவது கற்களை அல்ல, பள்ளங்களை. மரப்பெட்டி மக்கிப்போகும்போது மேலுள்ள மண் உள்வாங்கி, ஆள் நீளத்துக்கு ஒரு தாழ்வு உண்டாகிறது. அத்தகைய தாழ்வுகள் கிழக்கு மேற்காக வரிசையாக அமைந்திருந்தால் அது கல்லறைத் தோட்டம் என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. தலை மேற்கே, பாதம் கிழக்கே. உயிர்த்தெழும் நாளில் எழுந்து நிற்கிறவர் சூரியோதயத்தை நோக்கி நிற்கவேண்டும் என்ற நம்பிக்கை அந்த வரிசையில் இருக்கிறது.

அடுத்தபடியாகச் செடிகள். கூர்மையான இலைகளையுடைய யுக்கா, என்றும் பசுமையான கேதுரு, தரையெங்கும் படரும் வின்கா. இவை தாமாகக் காட்டில் முளைத்தவை அல்ல. துக்கங்கொண்டாடிய கைகள் நட்டவை. வின்கா நம் ஊர் நித்திய கல்யாணிக்கு நெருங்கிய உறவுடைய செடி. நித்திய கல்யாணியை நம்மிடையே சிலர் கல்லறைப் பூ என்றே சொல்வதுண்டு. வாடாத ஒன்றை மரித்தவர்மேல் நடவேண்டும் என்ற ஆசை எல்லா ஊருக்கும் பொதுவானது போலும்.

பிறகு பொருள்கள். சில கல்லறைகளின்மேல் கிளிஞ்சல்கள், உடைந்த பீங்கான் கோப்பைகள், தண்ணீர்க் குடுவைகள், விளக்குகள், மருந்துப் புட்டிகள், ஓடாத கடிகாரங்கள் வைக்கப்பட்டிருக்கும். மரித்தவர் கடைசியாகப் பயன்படுத்திய பாத்திரத்தை உடைத்து வைப்பது மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களிடமிருந்து வந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஜார்ஜியா கடலோரத்தில் சபேலோ தீவிலுள்ள பிஹேவியர் கல்லறைத் தோட்டம் இத்தகைய அடக்க மரபுகளுக்குப் பெயர்பெற்றது. 1996இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்வழக்கம் அறியாதவருக்கு அவை குப்பை. நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்யப் போனவர்கள் ஒரே பிற்பகலில் அவற்றைச் சாக்கில் அள்ளிக் கொட்டிவிட்ட இடங்கள் உண்டு. ஒரு குடும்பத்தின் கடைசி வார்த்தை அப்படி அகற்றப்பட்டது.

கற்களுக்குள்ளும் எத்தனையோ வகை. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் போர்வீரராகச் சேவைசெய்தனர். தனியார் கல்லறைத் தோட்டங்களில் அடக்கமான வீரர்களுக்கும் அரசு கல் வழங்கலாம் என 1879இல் சட்டம் வந்தது. ஆகவே புதருக்கு நடுவே கேடய வடிவத்துக்குள் பெயரும் படைப்பிரிவும் பொறித்த வெண்சலவைக்கல் திடீரென எதிர்ப்படும். வேறு சில கற்களில் உதவிச் சங்கங்களின் முத்திரை இருக்கும். முன்பு அடிமைகளாயிருந்த இருவர் 1880களின் தொடக்கத்தில் அர்க்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் நிறுவிய மொசைக் டெம்பிளர்ஸ் என்ற சங்கம், தன் உறுப்பினர்களுக்குச் சலவைக்கல் நாட்டிக் கொடுத்தது. மாதந்தோறும் சில்லறைக் காசு கட்டி, தன் பெயர் ஒரு கல்லில் நிற்கும் என்ற உறுதியை ஒரு சலவைத் தொழிலாளி வாங்கிக்கொண்டாள்.

என் உள்ளத்தை மிகவும் தொட்டவை வீட்டில் செய்த சிமெண்டுக் கற்கள். ஈரம் காயுமுன் ஆணியாலோ குச்சியாலோ பெயரைக் கீறியிருப்பார்கள். சில எழுத்துகள் தலைகீழாக இருக்கும். சில இடம் வலமாகத் திரும்பியிருக்கும். பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இலேயே தண்டனைக்குரியதாக்கியது; 1830களில் வேறு பல மாநிலங்களும் அத்தகைய சட்டங்களை இறுக்கின. அந்தப் பின்னணியில் திரும்பிப்போன ஓர் எழுத்தை யார் பிழை என்று சொல்லத் துணிவார்? தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட எழுத்தைப் பேரன் அவர் தலைமாட்டில் எழுதியிருக்கிறான்.

எழுதுகிறவரின் ஒழுங்கு

இப்பணியில் அன்பு மட்டும் போதாது. அன்புக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருக்கிறது. எதையும் அசைக்குமுன் படம் எடுக்கவேண்டும். ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் எண், சிறு கொடி, ஜி.பி.எஸ். குறிப்பு, வரைபடத்தில் ஒரு புள்ளி. கல்லின் பொருள், உயரம், அகலம், சாய்வு, முகம் நோக்கும் திசை. எழுத்தை உள்ளபடியே, திரும்பிய எழுத்தைத் திரும்பியபடியே நகலெடுக்கவேண்டும். தேய்ந்த எழுத்தை வாசிக்க மாவோ சுண்ணமோ தேய்க்கக் கூடாது. ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால், கண்ணுக்குத் தெரியாத பெயர் நிழலாக எழுந்து நிற்கும். கழுவுவதற்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகையும் வெளுக்கும் இரசாயனமும் கல்லைத் தின்றுவிடும். செடிகளை வேரோடு பிடுங்கக் கூடாது, தரைமட்டத்தில் அறுக்கவேண்டும். வேர்கள் கல்லறைக்குள் இறங்கியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஊரின் முதியவர்களிடம் போய் உட்காரவேண்டும். கல் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கக்கூடும். தொண்ணூறு வயதுத் தாயாரின் நினைவு காத்திராது. அந்தக் கேதுருவின் பக்கம் என் அத்தை, அவளுக்கு இடப்புறம் பெயரிடுமுன் போய்விட்ட குழந்தை என்று அவர் சொல்வது எந்தக் கல்லிலும் இல்லை. அடக்கச் சேவை நிலையங்கள் தற்காலிகமாக நட்ட உலோகச் சட்டங்களில் பெயர் ஒரு காகிதத்தில்தான் இருந்தது. கல் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அதுவே நிரந்தரமாயிற்று. மழையும் வெயிலும் சில ஆண்டுகளில் காகிதத்தை வெறுமையாக்கின. சட்டம் நிற்கிறது, பெயர் இல்லை.

பெயர் தெரியாத கல்லறைக்கு முன் எழுதுகிறவர் என்ன செய்யவேண்டும்? ஊகித்து ஒரு பெயரை இடுவதா? கூடாது. எண்ணையும் அளவையும் எழுதி, பெயர் தெரியவில்லை என்று நேர்மையாகக் குறிக்கவேண்டும். வேறொருவருடைய பெயரை ஒருவர்மேல் வைப்பது அவரை இரண்டாம் முறை இழப்பதாகும்.

இடுப்பளவு புல்லில் ஓர் எழுத்தாளர்

இந்த எச்சரிக்கை எவ்வளவு மென்மையான இடத்தைத் தொடுகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சோரா நீல் ஹர்ஸ்டன், தென்மாநிலக் கறுப்பின மக்களின் கதைகளையும் பேச்சையும் நாட்டுப்புற மரபுகளையும் ஊர் ஊராகச் சென்று சேகரித்த எழுத்தாளர். 1945இல் அவர் அறிஞர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். புகழ்பெற்ற கறுப்பினத்தவர் எவரும் வறுமையில் மரித்தாலும் மறக்கப்பட்ட குழியில் கிடக்கக் கூடாது. அவர்களுக்கென ஃபுளோரிடாவில் ஒரு நினைவுக் கல்லறைத் தோட்டம் அமைக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அத்திட்டம் நிறைவேறவில்லை. 1960 ஜனவரி 28 அன்று ஹர்ஸ்டன் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் ஊரில், ஏழைகளுக்கான காப்பகத்தில் இருந்த நாள்களில் காலமானார். அறிந்தவர்கள் திரட்டிய காசில் அடக்கம் நடந்தது. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தோட்டத்தில், கல்லில்லாத ஒரு குழியில் அவர் கிடந்தார். மற்றவர்களுக்காக எதை அஞ்சினாரோ அதுவே அவருக்கு நேர்ந்தது.

1973இல் இளம் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அங்கே போனார். மக்கள் உதவும்படி, தன்னை ஹர்ஸ்டனின் மருமகள் முறை என்று சொல்லிக்கொண்டார். இடுப்பளவு களைக்குள் இறங்கி, பாம்புக்கு அஞ்சியபடியே, அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுத் தேடினார். ஒரு தாழ்வான பள்ளத்தில் கால் பட்டது. அதுவே இடம் எனக் கொண்டு, தன் சக்திக்கேற்ற ஒரு கல்லை நாட்டினார். 1975இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டபின் ஹர்ஸ்டனின் நூல்கள் மீண்டும் அச்சேறி, ஒரு தலைமுறையே அவரை வாசித்தது.

அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. ஹர்ஸ்டன் பிறந்தது 1891இல். அவரே தம் வயதைக் குறைத்துச் சொல்லிவந்ததால் நேர்ந்த தவறு அது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடு பின்னர் உண்மையைக் காட்டியது. இதற்காக ஆலிஸ் வாக்கரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போகாதிருந்தால் கல்லே இருந்திராது. ஆனால் அன்பு நாட்டிய கல்லையும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் வேண்டியிருக்கிறார். தேடிப் போகும் இதயம் ஒன்றும், சரிபார்க்கும் கண் ஒன்றும். சபையின் எந்த ஊழியத்துக்கும் இந்த இரண்டும் தேவை அல்லவா?

நீதியின் கணக்கு

பிரியமானவர்களே, இதில் சபைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையுள்ளவனாயிரேன். அடிமைகளைத் திருவிருந்துக்கு அழைத்த பல ஆலயங்கள் அவர்களை மாடத்தில் உட்காரவைத்தன. மரித்தபின் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலோ வெளியிலோ கிடத்தின. 1845இல் தென்மாநில பாப்திஸ்து சபைகள் தனியே பிரிந்துபோனதற்கு, அடிமைகளை உடையவர்கள் மிஷனெரிகளாகலாமா என்ற தகராறே நேரடிக் காரணம். 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அந்தச் சங்கம் அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. கல்லறை மண்ணிலும் மனிதரைப் பிரித்த பாவம் உலகத்தாரிடம் மட்டும் இருந்ததன்று.

அரசின் கணக்கும் அப்படியே. விர்ஜினியா மாநிலம், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் கூட்டமைப்பு வீரர்களின் கல்லறைகளைப் பேணுவதற்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பொதுநிதி கொடுத்துவந்தது. வரலாற்றுச் சிறப்புடைய கறுப்பினக் கல்லறைத் தோட்டங்களுக்கு அதேபோன்ற உதவியை வழங்க 2017இல்தான் சட்டம் வந்தது. நாடு தழுவிய அளவில், ஆப்பிரிக்க அமெரிக்கரின் அடக்க நிலங்களைக் கண்டறியவும் பாதுகாக்கவும் தேசியப் பூங்காத் துறையின் வழியாக ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை வழங்க இடமளிக்கும் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது.

மனம் மாறிய இடங்களும் உண்டு. நாட்டின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில், அவருடைய கல்லறையிலிருந்து சற்றுத் தொலைவில் அடிமைகளின் அடக்க நிலம் இருக்கிறது. 1929இல் அங்கே ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது. பின்பு அதுவும் கவனிப்பாரின்றிப் போயிற்று. 1983இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவிடம் எழுந்தது. 2014இல் தொல்லியலாளர்கள் மேல்மண்ணை மட்டும் கவனமாக நீக்கி, குழிகளின் விளிம்பைக் கண்டறியத் தொடங்கினார்கள். எலும்புகளைத் தொடவில்லை, குழிகளுக்குள் இறங்கவில்லை. இதுவரை 80க்கும் மேற்பட்ட கல்லறைகள் அடையாளம் காணப்பட்டு, வரைபடத்தில் ஏறியுள்ளன. ஒருவருடைய பெயரும் எந்தக் குழியோடும் சேர்த்துச் சொல்லப்படவில்லை. ஆயினும் அடிமைகளின் கல்லறைகள் என்று மொத்தமாகச் சொல்வதற்கும், இங்கே ஒருவர், இங்கே ஒரு குழந்தை என்று தனித்தனியே காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரைபடத்தில் காண்கிறோம்.

வரைபடம் ஏறுவது வெறும் நினைவுக்காக அன்று. பல மாநிலங்களில் கல்லறையைச் சேதப்படுத்துவது குற்றம்; வாரிசுகளுக்குத் தனியார் நிலத்திலுள்ள மூதாதையர் கல்லறையைச் சென்று காணும் உரிமையும் உண்டு. ஆனால் சாலை போடுகிறவருக்கும் மரம் வெட்டுகிறவருக்கும் வீடு கட்டுகிறவருக்கும் அங்கே கல்லறை இருக்கிறது என்று எந்த ஏடும் சொல்லாவிட்டால் சட்டம் யாரைக் காக்கும்? எழுதப்பட்ட கல்லறையைக் காக்க வழக்காடலாம். எழுதப்படாத கல்லறை இயந்திரத்தின் ஒரு காலை வேலைக்கு ஈடுகொடாது.

வேதத்தில் நாம் காணும் முதல் நில விற்பனையும் ஒரு கல்லறைக்காகவே நடந்தது என்பதை நினைவுகூருங்கள். ஆதியாகமம் 23இல் சாராளை அடக்கம்பண்ண எப்பெரோன் இலவசமாகத் தருவதாகச் சொன்ன நிலத்தை ஆபிரகாம் அப்படிப் பெற்றுக்கொள்ளவில்லை. 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். வயல், குகை, மரங்கள், சுற்றெல்லை யாவும் ஊர்வாசலில் சாட்சிகளுக்கு முன்பாக உறுதிசெய்யப்பட்டன. துக்கத்தின் நடுவிலும் அவன் பத்திரத்தை மறக்கவில்லை. பரதேசியாகிய தனக்கு, எழுதப்படாத தயவு நிலைக்காது என்று அவன் அறிந்திருந்தான். விடுதலை பெற்ற மக்களும் அதையே அறிந்து, ஆலயத்தோடு கல்லறைக்கும் நிலம் வாங்கினார்கள்.

நமக்கு

ஓர் ஆயராக ஒவ்வோர் அடக்க ஆராதனைக்குப் பின்னும் நான் பதிவேட்டில் கையொப்பமிடுகிறேன். பெயர், வயது, தகப்பன் பெயர், நாள். இதை வாசித்தபின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே சில வரிகளில் தாயின் பெயர் இல்லை. கல்லறையின் வரிசை எண் இல்லை. அன்று வெயிலாக இருந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அவசரமாகப் போயிருப்பேன். அந்த வெற்றிடங்களுக்கு என்னைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், நம் கல்லறைத் தோட்டத்தில் கல்லில்லாமல் இருக்கும் உங்கள் குடும்பத்தாரின் இடம் தெரிந்தவர்கள் என்னோடு வாருங்கள். முதியவர்களைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்றை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் சொல்லும் பெயர்களை, தாய்மாரின் பெயர்களோடு, அருகில் நிற்கும் மரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்வோம். தெரியாத இடங்களைத் தெரியாது என்றே எழுதுவோம்.

தெபொராளின் கர்வாலி மரம் இன்று இல்லை. பெத்தேலில் அவள் குழியை யாரும் காட்ட முடியாது. ஆனால் அவளுக்காக யாரோ அழுதார்கள் என்பதையும், அந்த அழுகையை யாரோ எழுதிவைத்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். 

கர்த்தாவே, மனிதர் எண்ணாக எழுதியவர்களை நீர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறீர். குளிர்காலக் காடுகளில் முழங்கால்படியிட்டு ஒரு கல்லின் எழுத்தை வாசிக்க முயலும் கைகளைப் பலப்படுத்தும். எங்கள் ஏடுகளில் நாங்கள் விட்ட வெற்றிடங்களை மன்னித்து, அவற்றை நிரப்ப எங்களுக்கு நாட்களையும் உண்மையையும் தாரும். ஆமென்.